குவாரிஸ்ம் சென்ற நிரலாளர்

'அல்காரிதம்' என்னும் சொல் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை நம் மேடைகளில் பெருமிதத்துடன் கூறக் கேட்கிறோம். உண்மைதான். ஆனால் பெரும்பாலும் பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. அவர் என்ன எழுதினார் என்ற வினா எழுவதே இல்லை.

அவ்வினாவுடன் அவரது மண்ணுக்கே சென்றவர் அமெரிக்க நிரலாளர் டொனால்ட் கனூத். 1968இல் வெளியான தமது 'கணினி நிரலாக்கக் கலை' நூலின் முதல் தொகுதியையே இச்சொல்லின் வரலாற்றுடன்தான் அவர் தொடங்கியிருந்தார். 1974இல் டூரிங் விருது பெற்றார். 1979 செப்டம்பரில், சோவியத் அறிஞர் ஆந்திரெய் யெர்ஷோவும் அவரும் இணைந்து உஸ்பெகிஸ்தானின் உர்கெஞ்ச் நகரில் ஒரு கருத்தரங்கை நடத்தினர். அல்குவாரிஸ்மியின் பெயருக்குக் காரணமான குவாரிஸ்ம் நிலப்பகுதி அது. அதுவும் பனிப்போர்க் காலத்தில்!

கணிதவியலாளர் சிந்திப்பதும் நிரலாளர் சிந்திப்பதும் ஒன்றுதானா என்று கனூத் அங்கே ஆராய்ந்தார். ஒன்பது கணித நூல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 100ஆம் பக்கத்தைப் படித்துப் பார்த்தார். விளையாட்டுப் போலத் தோன்றினாலும் நேர்மையான சோதனை இது. ஒற்றுமைகள் பல இருந்தன. இரண்டு மட்டும் அப்பக்கங்களில் காணப்படவில்லை. ஒன்று, ஒரு செயலை முடிக்க எத்தனை படிகள் செலவாகும் என்ற கணக்கு. மற்றொன்று, படிக்குப் படி மாறும் நிலை. 'இப்பெட்டியில் உள்ளதுடன் ஒன்றைக் கூட்டி, அதிலேயே திரும்ப வை' என்பது நிரலாளரின் அன்றாட மொழி.

இனி அல்குவாரிஸ்மியைப் பார்ப்போம். கலீஃபா மாமூன் காலத்து பாக்தாதில் அவர் எழுதிய 'அல்ஜப்ர்' நூலில் குறியீடுகளே இல்லை, யாவும் சொற்கள். ஓர் எண்ணின் வர்க்கமும் அதன் பத்து மடங்கும் சேர்ந்து 39 ஆகின்றன, அவ்வெண் எது? பத்தில் பாதி 5. அதை அதனாலேயே பெருக்கினால் 25. அத்துடன் 39ஐக் கூட்ட 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து 5ஐக் கழிக்க, விடை 3. நிரல் எழுதிப் பழகியவர் இதில் தம் தொழிலைக் காண்பார்: எடு, பெருக்கு, கூட்டு, கழி.

இத்தனை முறைமை எதற்காக? அந்நூலின் ஏறக்குறையப் பாதி, வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகள். ஒருவர் இறந்தபின் மனைவிக்கு எவ்வளவு, மகளுக்கு எவ்வளவு, கடனும் மரணசாசனமும் போக எஞ்சுவது எவ்வளவு என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறார். இன்றும் ஃபராயிள் கணக்குக்காக ஆலிமிடம் அமரும் குடும்பங்கள் கேட்பவை அதே கேள்விகள்தாம்.