தாடை எலும்பு ஒட்டு

புற்றுநோய், விபத்து, தொற்று ஆகியவற்றால் தாடையில் இழந்த பகுதியை உடலின் வேறிடத்து எலும்பால் நிரப்பும் அறுவைச் சிகிச்சை. பெரும்பாலும் கீழ்த்தாடையில் செய்யப்படுகிறது. எலும்பைப் பொருத்துவதைவிட அதற்கு ரத்தம் கிடைக்கச் செய்வதே கடினம்.

தொடக்கம்: ரஷ்யப் படைவீரர் ஒருவரின் மண்டையோட்டில் நாயின் எலும்பைப் பொருத்திய செய்தி, நெதர்லாந்து மருத்துவர் யோப் வான் மீக்கரனின் 1668ஆம் ஆண்டு நூலில் உள்ளது. திருச்சபையின் எதிர்ப்பால் அதை எடுத்துவிடக் கேட்டு அந்த வீரர் திரும்பி வந்தபோது, பிரிக்க முடியாதபடி அது ஒட்டிவிட்டிருந்ததாம். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இடுப்பெலும்புத் துண்டை வைத்துத் தாடை அமைக்கும் முறை பரவியது.

ஆறும் விதம்: ரத்தக்குழாய் இன்றி வைக்கும் துண்டில் பெரும்பாலான செல்கள் இறந்துவிடும். சுற்றுத் திசுவிலிருந்து ரத்தக்குழாய்கள் உள்ளே வளர்ந்ததும், சில செல்கள் பழைய எலும்பை அரிக்க, வேறு செல்கள் புதியதைக் கட்டும். மாதக்கணக்கில் நீளும் இந்த மாற்றத்தை அமெரிக்க மருத்துவர் ஃபெமிஸ்டர் 1914இல் விளக்கினார். பஞ்சுபோன்ற உள்ளெலும்புத் துண்டுகள் விரைவில் பிடிப்பதை 1944இல் பிரிட்டனில் பணியாற்றிய மருத்துவர் ரெயின்ஸ்ஃபோர்ட் மௌலம் எடுத்துக்காட்டினார்.

நீளமான இடைவெளியிலும், கதிர்வீச்சு பட்ட இடத்திலும் ரத்தக்குழாய் இல்லாத இந்த ஒட்டு அடிக்கடி தோற்றது. 1975இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள ஃபிபுலா எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து வேறிடத்தில் பொருத்தினார். 1989இல் நியூயார்க்கில் டேவிட் ஹிடால்கோ அதைத் தாடைக்குப் பயன்படுத்தினார். எலும்பைத் தாடை வளைவுக்கேற்ப வெட்டி, டைட்டானியத் தகட்டில் பிணைத்து, அதன் ரத்தக்குழாயை நுண்ணோக்கியின் கீழ் கழுத்து ரத்தக்குழாய்களோடு தைப்பார்கள். செல்கள் உயிரோடிருப்பதால் இரு முனைகளும் முறிந்த எலும்பு கூடுவதுபோலவே கூடும். தையலிட்ட குழாய் அடைபட்டால் ஒட்டு முழுவதும் வீணாகலாம் என்பதால் முதல் சில நாட்கள் கண்காணிப்பு கடுமையாக இருக்கும். புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரை நோயும் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

தமிழ்நாட்டில்: இங்கே தாடையை இழக்கவைக்கும் முக்கியக் காரணம் மெல்லும் புகையிலை. வெற்றிலையோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் இடத்தில் தோன்றும் புற்று, ஈறு வழியாக எலும்புக்குள் இறங்குகிறது. 1954இல் சென்னை அடையாற்றில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. குட்கா, பான் மசாலாவை 2013இல் மாநில அரசு தடை செய்தது.

தருமபுரி மாவட்டத்தில் எலும்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நிலத்தடி நீரிலுள்ள மிகையான ஃபுளோரைடு, பல்லைக் கறையாக்குவதோடு, ஒட்டு ஆறும்போது உருவாவது உட்படப் புதிய எலும்பிலும் படிகிறது. எலும்பு அடர்ந்தாலும் உறுதி குறைகிறது. இதைத் தவிர்க்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்து, காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வழங்குகிறது.