பேரிங் இடைவெளியும் இன்ஜினின் நெகிழ்வும்

பந்தய இன்ஜின் கட்டுவோரிடையே ஒரு விதி நெடுநாளாக வழங்கிவருகிறது: கிராங்க் ஷாஃப்ட் ஜர்னலின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி, கடும் ஓட்டத்துக்கு இன்னும் அரைப் பங்கு. ஷெவ்ரோலே 350 இன்ஜினின் மெயின் ஜர்னல் 2.45 அங்குலம். விதிப்படி இடைவெளி சுமார் 0.0025 அங்குலம், அதாவது 0.062 மி.மீ. வார்ப்பிரும்பு பிளாக்குக்கும் கெட்டியான எண்ணெய்க்கும் இந்த எண் நன்றாகவே பொருந்தியது. ஆனால் விட்டமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்ற அதன் உட்கிடையை ஏற்க இயலாது. சுமையின்கீழ் பிளாக்கும் கிராங்கும் கனெக்டிங் ராடும் எவ்வளவு வடிவம் மாறுகின்றன என்பதே இடைவெளியை முடிவுசெய்ய வேண்டும். எண்ணெய்த் தேர்வு அதன்பின் வர வேண்டும்.

1880களில் பீச்சம் டவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தபோது, மேல்பகுதியில் இட்ட துளையை அடைத்த மரத்தக்கையை எண்ணெய் வெளியே தள்ளியது. சுழலும் தண்டே எண்ணெயை ஆப்பு வடிவ இடுக்குக்குள் இழுத்து அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதமாக நிறுவினார். சுமையைத் தாங்குவது பம்பின் அழுத்தமன்று. பம்பின் வேலை எண்ணெயை ஊட்டுவது. அழுத்தமானியை மட்டும் பார்த்து இடைவெளி சரி என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறு.

இடைவெளியை 0.050இலிருந்து 0.075 மி.மீ.க்குக் கூட்டுவோம், எண்ணெய், வேகம், சுமை மாறவில்லை. தாங்குதிறனைக் காட்டும் சோமர்ஃபெல்ட் எண் இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் நிற்பதால், முன்பிருந்ததில் 44 விழுக்காடாகச் சரியும். பம்பின் அழுத்தத்தால் பக்கங்களில் கசியும் எண்ணெயோ கனத்துக்கு நேர்விகிதத்தில் கூடி 3.4 மடங்காகும். தளர்வாக விட்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை இங்கேயே ஆட்டம் காண்கிறது. இழந்ததை மீட்கப் பாகுநிலை 2.25 மடங்காக வேண்டும். அப்போது கிடைப்பது என்ன? எண்ணெய்ப் படலத்தின் மிகக் குறைந்த தடிமன் 1.5 மடங்கு, உராய்வு 1.5 மடங்கு, கசிவும் 1.5 மடங்கு. உண்டாகும் வெப்பமும் அதை ஏந்திச் செல்லும் எண்ணெயும் ஒரே அளவில் கூடுவதால் பேரிங்கின் சூடு ஏறத்தாழ மாறாது. ஆகவே அகன்ற இடைவெளியும் கெட்டி எண்ணெயும் சேர்ந்து தரும் முதன்மையான ஆதாயம் தடித்த படலம். அதற்குக் கொடுக்கும் விலை குதிரைத்திறன்.

இந்தத் தடிமன் தேவைப்படுவது உலோகம் வளைவதால். உயர் வேகத்தில், வெளியேற்று வீச்சின் உச்சியில், பிஸ்டனின் நிலைமம் கனெக்டிங் ராடை இழுக்கிறது. பெரிய முனையின் துளை நீளவாக்கில் நீண்டு, இரு பாதிகளும் சேரும் கோட்டருகே உள்நோக்கி நெருங்குகிறது. பேரிங் ஷெல்லை அங்கே மெலிதாகச் செய்வது இதற்காகவே. டிராக் பந்தய இன்ஜினில் சுமை மிகப் பெரிது. அங்கு அகன்ற இடைவெளி விட்டவர்களின் அனுபவம் மெய்தான். ஆனால் அந்த அனுபவம் என் வாதத்துக்கே துணை நிற்கிறது: இடைவெளியைக் கேட்டது நெகிழ்வு, விட்டமன்று. விறைப்பான பிளாக்கில் அதே அளவை விடுவது திறனை வீணாக்கும்.

வெப்பமும் விதியின் எளிமையைக் குலைக்கிறது. 1997இல் கார்வெட்டில் வந்த எல்எஸ்1 இன்ஜினின் பிளாக் அலுமினியம். 70 மி.மீ. துளை 80 டிகிரி சூடேறினால், அலுமினியம் எஃகைவிடச் சுமார் 0.06 மி.மீ. கூடுதலாக விரியும். இரும்பாலான மெயின் கேப்கள் அதில் ஒரு பகுதியைத் தடுக்கும். பாதியே மிஞ்சினாலும், குளிரில் 0.05ஆக இருந்தது ஓட்டத்தில் 0.08. அப்படியிருக்க, இரும்பு பிளாக்குக்கும் இதற்கும் மேசைமேல் ஒரே எண்ணை எப்படி வைப்பது? ஃபார்முலா 1 இன்ஜின்களைச் சூடான திரவங்களை ஓடவிட்ட பிறகே கிளப்புவதற்கு இறுக்கமான இடைவெளிகளும் ஒரு காரணம்.

அளக்கும் முறையும் இந்த வாதத்தின் பகுதியே. போல்ட்டுகளை முழு முறுக்குக்கு இறுக்கி, சேர்கோட்டுக்குச் செங்குத்தாகவே போர் கேஜ் வைக்க வேண்டும். கழுவுதொட்டியிலிருந்து எடுத்த 62 மி.மீ. ஜர்னல் 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 0.007 மி.மீ. பெரிதாகக் காட்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறுபட்ட ஷெல்லை ஒரு பாதியில் மட்டும் போட்டுத் திருத்தக்கூடிய அளவு 0.0127 மி.மீ. அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு பிழையே விழுங்கிவிடும். எனவே பதிவேட்டில் இடைவெளிக்கு அருகே அளந்தபோதிருந்த வெப்பநிலையையும், எண்ணெய்க்கு 150 டிகிரியில் குறிக்கப்பட்ட பாகுநிலையையும் சேர்த்தே எழுத வேண்டும்.