எல்லை மலைகளில் பெண்கள் உரிமை: பெருமாட்டியும் மூணாறும்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையோரம் வாழும் உழைக்கும் பெண்கள் குடிநீர், கூலி, மகப்பேற்று விடுப்பு, வீடு ஆகியவற்றுக்காக நடத்திய போராட்டங்களின் வரலாறு இது. இரண்டு இடங்கள் இதில் முதன்மையானவை. ஒன்று, சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சி. அதைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2002இல் ஆதிவாசிப் பெண்கள் முன்னின்று நடத்திய தண்ணீர்ப் போராட்டம் உலகெங்கும் பேசப்பட்டது. மற்றது, தேவிகுளம் வட்டத்து மூணாறு. அங்கே 2015இல் தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டார்கள். ஆனைமலைக்கு ஒரு பக்கம் பெருமாட்டி, மறுபக்கம் மூணாறு. இரண்டு ஊரிலும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. அந்தச் சட்டத்தை வைத்துப் பேசிய இடங்களில் பெண்கள் உட்காரவில்லை என்பதுதான் குறை.

தோட்டமும் கங்காணியும்

ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. தேயிலை பரவப் பரவ ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறிய அந்தக் குடும்பங்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை இன்றும் கம்பெனியின் வரிசை வீடுகளான அதே லயங்களில் இருக்கிறது.

வேலைப் பிரிவினை அன்றே முடிவாகிவிட்டது. கவாத்து, மருந்தடிப்பு, தொழிற்சாலை வேலை ஆண்களுக்கு, கொழுந்தெடுப்பு பெண்களுக்கு. தோட்டத்தின் வருமானம் முழுக்கக் கொழுந்திலிருந்து வருகிறது. ஆனால் மேற்பார்வையாளர், கணக்கர், மேலாளர், பின்னாளில் சங்கத் தலைவர் என்று கொழுந்தை எடை போட்ட இடத்திலும் விலை பேசிய இடத்திலும் நின்றவர்கள் ஆண்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு தேர்தல் அரசியலில் உண்டு. 1957இல் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் வென்ற ரோசம்மா புன்னூஸ், கேரளச் சட்டமன்றத்தில் முதன்முதலாக உறுதிமொழி எடுத்தவர், தற்காலிக சபாநாயகராகவும் இருந்தவர். வேட்புமனு ஒன்று தவறாகத் தள்ளப்பட்டது என்று அவர் தேர்தல் ரத்தானது. 1958 மே மாதம் நடந்த இடைத்தேர்தலில் அவரே மறுபடி வென்றார். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் ஓட்டு முக்கியம் என்பதால் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் அந்த மலைகளில் பாடிப் பிரச்சாரம் செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தனர். ஒருவர் ஹசன் ராவுத்தர், இன்னொருவர் பாப்பம்மாள். போராட்டத்தில் உயிர்விட்டவர்களில் பெண் உண்டு. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் சங்கங்களின் பேச்சுவார்த்தைக் குழுக்களில் கொழுந்தெடுக்கும் பெண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பிரசவமும் கம்பெனிக் கணக்கும்

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. குடிநீர், கழிப்பிடம், வீடு, மருத்துவம் எல்லாம் முதலாளியின் கடமை என்றது. 50 அல்லது அதற்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றும் விதித்தது. 1961இல் மகப்பேற்றுச் சலுகைச் சட்டம் 12 வாரச் சம்பளத்தோடு கூடிய விடுப்பைத் தந்தது. பேறுகாலச் செலவை அரசோ காப்பீடோ ஏற்காமல் முதலாளி கையிலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் அமைப்பு. பெண்கள் பெரும்பான்மையாக உள்ள தோட்டத்தில் அது பெரிய தொகை. ஒரு பெண் எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்பது கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தது இப்படித்தான்.

அந்தக் கணக்கு எவ்வளவு நுணுக்கமாகப் போடப்பட்டது என்பதற்கு ஆனைமலையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு சான்று இருக்கிறது. மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட் பெண் தொழிலாளி ஒருவருக்கு 1967 டிசம்பரில் குழந்தை பிறந்தது. 12 வாரம் என்றால் 84 நாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி கிடையாது என்பதால் 12 ஞாயிறுகளைக் கழித்து 72 நாளுக்குத்தான் நிர்வாகம் பணம் கொடுத்தது. அந்தப் பெண் விடவில்லை. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1977 அக்டோபரில் முடிந்தது. வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள் என்று நீதிமன்றம் சொன்னது. சட்டம் தாயின் உயிர் பிழைப்புக்கு மட்டும் வந்ததல்ல. பிரசவத்தில் போன தெம்பை மீட்கவும் பிள்ளையைப் பேணவும் வந்தது என்றும் விளக்கியது. பன்னிரண்டு நாள் கூலிக்குப் பத்தாண்டு ஆகியிருந்தது. இன்று நாடெங்கும் மகப்பேற்றுப் பணத்தைக் கணக்கிடுவது அந்தத் தீர்ப்பின்படிதான்.

இன்னொரு கணக்கு 1971இல் நீலகிரியில் போடப்பட்டது. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் கூட்டமைப்பான உபாசி, சில தேயிலைத் தோட்டங்களில் ‘பிள்ளை பெறாமைக்கு ஊக்கத்தொகை’ என்று சொல்லத்தக்க திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கர்ப்பம் தரிக்காமல் இருக்கும் காலத்துக்கு மாதம் 5 ரூபாய் வீதம் பெண்ணின் பெயரில் சேமிப்புக் கணக்கில் போடுவார்கள். குழந்தை பிறந்தால், அது எத்தனையாவது என்பதைப் பொறுத்துச் சேர்ந்த தொகையில் பிடித்தம். மிச்சம் அவள் பிள்ளை பெறும் வயதைக் கடந்த பிறகு கைக்கு வரும். மகப்பேறு, மருத்துவம், காப்பகம் ஆகியவற்றில் மிச்சமாவதோடு ஒப்பிட்டால் கம்பெனிக்கு இது லாபம் என்பது திட்டத்தின் அடிப்படை. மக்கள்தொகை ஆய்வாளர்கள் அதை உலக அளவில் முன்மாதிரியாக எடுத்துப் பேசினார்கள். கட்டாயம் எதுவும் இல்லை என்பது உண்மை; அந்தப் பெண்களுக்குக் கருத்தடை வசதி தேவைப்பட்டது என்பதும் உண்மை. ஆனாலும் முதலாளி சேமிப்பையும் கர்ப்பப்பையையும் ஒரே பேரேட்டில் எழுதிய ஏற்பாடு அது.

சட்டம் பின்னாளில் விரிந்தது. விடுப்புக்கு வேண்டிய முந்தைய வேலைநாள் 160லிருந்து 80 ஆனது. கருத்தடை அறுவைக்குப் பின் இரண்டு வார விடுப்பு 1995 திருத்தத்தில் வந்தது. 2017இல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது; ஆனால் உயிரோடு இரண்டு குழந்தை உள்ளவருக்குப் பழைய 12 வாரம்தான். உபாசியின் பிடித்தக் கணக்கு வேறு உருவில் நாடாளுமன்றத்திலும் ஏறியது என்று சொல்லலாம். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 2020இன் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

கொழுந்துக் காட்டில் நிலைமை வேறு. இடுப்பில் சாக்கோ பிளாஸ்டிக் தாளோ கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த செடிகளுக்கிடையே சரிவில் நாள் முழுக்க நிற்க வேண்டும். முதுகில் ஏறிக்கொண்டே போகும் சுமை. பக்கத்தில் கழிப்பிடம் இல்லாத சரிவுகளில் மாதவிலக்கு நாட்களும் அப்படியே கழியும். முதுகுவலியும் கர்ப்பப்பைக் கோளாறும் இந்த வேலையோடு வருபவை என்று மூணாறுப் பெண்கள் 2015இல் பத்திரிகையாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

பெருமாட்டி: தண்ணீர்

பெருமாட்டி, சித்தூர் சமவெளியின் மழைமறைவுப் பகுதி. தமிழும் மலையாளமும் புழங்கும் ஊர்கள். எரவாளர், மலசர் என்னும் ஆதிவாசி மக்கள் விவசாயக் கூலிகளாக இங்கே வாழ்கிறார்கள். இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனம் பிளாச்சிமடையில் சுமார் 34 ஏக்கரில் அமைத்த ஆலைக்கு ஊராட்சி 2000 ஜனவரியில் உரிமம் கொடுத்தது. ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் நீர் எடுக்கப்பட்டது. சில மாதங்களில் சுற்றுவட்டாரக் கிணறுகளின் தண்ணீர் கெட்டது. சோறு வேகவில்லை, குளித்தால் உடம்பு அரித்தது. அதை முதலில் கண்டவர்கள் அடுப்படியில் இருந்தவர்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்தவர்களும் அவர்கள். அதற்காகக் கூலி வேலையை விட்டவர்களும் அவர்களே.

2002 ஏப்ரல் 22இல் ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆதிவாசித் தலைவர் சி. கே. ஜானு போராட்டத்தைத் தொடங்கி வைத்தார். பந்தலை இடைவிடாமல் நிரப்பியவர்கள் காலனிப் பெண்கள். அவர்களில் எரவாளர் இனத்து மயிலம்மா போராட்டத்தின் முகமானார். பள்ளிப் படிப்பு இல்லாத, விதவையான விவசாயக் கூலி அவர். அவர் வாழ்க்கையை அவர் சொல்லச் சொல்ல மலையாளத்தில் எழுதியவர் ஜோதிபாய் பரியாடத்து. அது தமிழிலும் வந்திருக்கிறது.

2003இல் பிபிசி வானொலி, ஆலை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்த கழிவுச் சேற்றைப் பிரிட்டனில் சோதித்து, அதில் ஈயமும் காட்மியமும் இருப்பதாகச் சொன்னது. ஈயம் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகக் கூடியது. கேரளம் இதை நீர்ப் பிரச்சினையாகப் பேசிய அளவுக்குப் பேறுகால நலப் பிரச்சினையாகப் பேசவில்லை.

ஊராட்சியும் மனம் மாறியது. ஏ. கிருஷ்ணன் தலைவராக இருந்த ஊராட்சி 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதற்கு மாறாக நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. ஆனால் ஆலை 2004 மார்ச்சில் நின்றதோடு சரி, முழுமூச்சாக மறுபடி ஓடவே இல்லை. 2007 ஜனவரி 6இல் மயிலம்மா இறந்தார். 2010இல் அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2017இல் நிறுவனம், இனி அங்கே உற்பத்தி செய்யப் போவதில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லி வழக்கை முடித்துக்கொண்டது. இழப்பீடு மசோதாவோடு நின்றது.

மூணாறு: பொம்பிளை ஒருமை

கண்ணன் தேவன் மலைத் தோட்டங்கள் பின்னாளில் டாடாவின் கைக்கு வந்திருந்தன. டாடா 2005இல் அவற்றை நடத்துவதிலிருந்து விலகியபோது கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி உருவானது. அதன் பங்குகளில் பெரும்பகுதி ஊழியர், தொழிலாளர் பெயரில். ஆக, கொழுந்தெடுக்கும் பெண் காகிதத்தில் முதலாளியும்கூட. 2015இல் லாபம் குறைந்தது என்று போனஸை 19 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் கம்பெனி குறைத்தபோது அந்தக் காகிதத்தின் மதிப்பு தெரிந்தது. அப்போது நாள்கூலி 232 ரூபாய்.

செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் தோட்டத்தை விட்டு மூணாறு டவுனுக்கு இறங்கினார்கள். சுமார் 6,000 பேர் கொச்சி–தனுஷ்கோடி சாலையில் உட்கார்ந்தார்கள். கேட்டது 20 சதவீத போனஸ், 500 ரூபாய் கூலி. இதைவிடத் திகைப்பூட்டியது வேறொன்று. சிஐடியு, ஐஎன்டியுசி, ஏஐடியுசி என எந்தச் சங்கத்துக் கொடியும் அங்கே பறக்கவில்லை. சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்கள் விரட்டப்பட்டார்கள். தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் எஸ். ராஜேந்திரனும் தப்பவில்லை. சந்தா எங்களிடம் வாங்கிவிட்டு கம்பெனியோடு கைகோக்கிறீர்கள், நல்ல வீடு உங்களுக்கு, ஒழுகும் லயம் எங்களுக்கா என்பது அவர்கள் கேள்வி. ஆண்கள் ஒதுங்கி நிற்கும்படி சொல்லப்பட்டார்கள். குடித்துவிட்டு யாராவது கலவரம் செய்தால் போராட்டம் கெடும் என்ற கணக்கு அதில் இருந்தது. லிசி சன்னி, கோமதி, இந்திராணி, ராஜேஸ்வரி ஆகியோர் அவர்கள் சார்பில் பேசினார்கள்.

கேரளத்தின் மூத்த கம்யூனிஸ்ட் வி. எஸ். அச்சுதானந்தன் செப்டம்பர் 13இல் வந்து சாலையில் அவர்களோடு உட்கார்ந்தார். அன்று கொச்சியில் முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் நடந்த பேச்சில் 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீதக் கருணைத் தொகை, ஆக 20 சதவீதம் என்று முடிவானது. அந்த மேசையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருந்தார்கள்.

கூலியை முடிவு செய்தது வேறு மேசை. தோட்டத் தொழிலாளர் குழுவில் அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்கே இடம். அக்டோபர் நடுவில் அங்கே தேயிலைக்கு 301, ஏலத்துக்கு 330, ரப்பருக்கு 381 ரூபாய் என்று தீர்ந்தது. கொழுந்தெடுக்கும் பெண்களை நம்பியிருக்கும் தேயிலைக்குத்தான் மூன்றிலும் மிகக் குறைந்த கூலி. இது முன்பும் அப்படித்தான் இருந்தது.

நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பொம்பிளை ஒருமை போட்டியிட்டது. தேவிகுளம் வட்டார ஊராட்சியின் நல்லதண்ணி பிரிவில் கோமதி வென்றார். கேரள உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்ற ஒதுக்கீடு 2010இலிருந்தே உண்டு. கட்சிப் பட்டியலுக்கு வெளியே நின்று வெல்வது வேறு விஷயம். பிறகு இயக்கம் உடைந்தது. தலைவர்களுக்குள் பிணக்கு, ஆளுக்கொரு கட்சியின் இழுப்பு. 2016 சட்டமன்றத் தேர்தலில் நின்ற ராஜேஸ்வரியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2017 ஏப்ரலில் அமைச்சர் எம். எம். மணி இந்தப் பெண்களின் ஒழுக்கத்தைக் கொச்சைப்படுத்திப் பேசியபோது ஒரு சிறு கூட்டம் மூணாறில் மறுபடி பந்தல் போட்டது. கூலி கேட்ட ஆணைத் துரோகி என்பார்கள், கையாள் என்பார்கள். பெண் கேட்டால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடுகிறது.

2015இன் கோரிக்கைகளில் தீராமல் நிற்பது வீடு. லயம் கம்பெனியின் சொத்து. வேலையில் இருக்கும்வரைதான் கூரை. ஓய்வு பெறும்போது குடும்பத்தில் ஒருவர் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்தால்தான் வீடு தங்கும். படித்த மகளோ வெளியூரிலிருந்து வந்த மருமகளோ கூடையைக் கையில் எடுப்பது பல வீடுகளில் இந்த நிபந்தனையால்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மேல் விழுந்து 70 பேர் இறந்தார்கள். ஒரு வாரம் கழித்து முதலமைச்சர் பினராயி விஜயன் வந்தபோது, நிலமும் வீடும் கேட்டுச் சாலையில் உட்கார்ந்த கோமதியைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. உயிர் தப்பிய குடும்பங்களில் எட்டுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் வீடு கட்டித் தரப்பட்டது. மற்ற தொழிலாளர் குடும்பங்களுக்கு லயத்து விதி மாறவில்லை.