பருப்பு வடிவ விண்மீன் திரள்



லென்ஸ் என்ற சொல், மைசூர்ப் பருப்பின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்த அதே வடிவத்தில் வானத்திலும் விண்மீன் திரள்கள் உண்டு. திரள் என்றால், நம் பால்வெளியைப் போல, கோடானுகோடி சூரியன்கள் சேர்ந்த கூட்டம். அப்படிப்பட்ட ஒன்றின் வரலாறு இது.

அயர்லாந்தில் பர் என்னும் ஊரிலுள்ள தம் கோட்டையில், ரோஸ் பிரபு 1845ஆம் ஆண்டு ஒரு மாபெரும் தொலைநோக்கியை நிறுவினார். ஆறடி அகலமுள்ள அதன் ஆடி கண்ணாடியன்று. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த உலோகம்! அவருடைய மகனான நான்காம் ரோஸ் பிரபு, 1875 டிசம்பர் 4ஆம் நாள், பெர்சியஸ் வான்பகுதியில் மங்கலான சிறு புள்ளி ஒன்றைக் கண்டார். அங்கே உதவியாளராயிருந்த டிரையர் 1888இல் வெளியிட்ட பட்டியலில் அது 1277ஆம் எண்ணைப் பெற்றது. என்.ஜி.சி. 1277 என்பதே இன்றும் அதன் பெயர்.

அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரள்கள் நெருங்கிக் கிடக்கும் ஒரு பெருங்கூட்டத்தில் இருக்கிறது. நாம் இன்று காணும் அதன் ஒளி, 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் புறப்பட்டது.

நெடுங்காலம் வெறும் எண்ணாகக் கிடந்த இந்தத் திரள், 2012இல் திடீரென்று பேர்பெற்றது. அதன் நடுவிலுள்ள கருந்துளை 1700 கோடி சூரியன்களின் எடை கொண்டது என வான் டென் போஷ் குழுவினர் அறிவித்தனர். எப்படி எடை பார்த்தார்கள்? கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றுங்கள். வேகம் கூடினால் கையை இறுக்கிப் பிடிக்கவேண்டும் அல்லவா? அதுபோல, நடுவிலுள்ள விண்மீன்கள் விரைந்து ஓடினால், அவற்றைப் பிடித்து வைத்திருப்பது மிகக் கனமானதாக இருக்கவேண்டும்.

ஆனால் 2016இல் வேறொரு குழு இன்னும் நுட்பமாகப் பார்த்து, 490 கோடி என்றது. அதே ஆண்டில் மற்றொரு குழு 120 கோடிதான் என்றது. பெரிய எண் உலகெங்கும் பரவியது. திருத்தம் அவ்வளவு தூரம் எட்டவில்லை. பழைய எண்ணையே சொல்லும் நூல்கள் உங்கள் கைக்கும் வரலாம்.

என்னைக் கேட்டால், கருந்துளையைவிட வியப்பானது அதன் முதுமை. பால்வெளியில் கால்பங்கு அளவே உள்ள அதில், பால்வெளியைப்போல் இருமடங்கு விண்மீன்கள் உள்ளன. ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை மளமளவெனப் பிறந்தன. பிறகு பிறப்பே நின்றுவிட்டது. பெரிய திரள்கள் சிறியவற்றை விழுங்கி வளரும். அப்படி விழுங்கியதற்கு அடையாளம் நீல நிற விண்மீன் கொத்துகள். ஹப்பிள் தொலைநோக்கியால் இதை ஆராய்ந்தவர்கள் 2018இல் அறிவித்தபடி, இங்கே அத்தகைய கொத்துகள் அனேகமாக இல்லை.