தமிழாராய்ச்சியும் தமிழில் ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு எம்மிடையே ஒரு குறுகிய பொருள் நிலைத்துவிட்டது. ஒருவரை ஆராய்ச்சியாளர் என்று அறிமுகப்படுத்தினால், சங்க இலக்கியமா, கல்வெட்டா, நாட்டார் வழக்காறா என்றே கேட்கிறோம். அவர் நண்டின் இனப்பெருக்கத்தையோ சீமெந்துச் சுவரின் வெடிப்பையோ ஆராய்பவராக இருக்கலாம் என்ற எண்ணம் எமக்கு எழுவதில்லை. இக்குறுகல் எவ்வாறு நேர்ந்தது, புகலிடத்தில் அதனால் நாம் எதை இழக்கிறோம் என்பன பற்றிச் சில குறிப்புகளை இங்கு முன்வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியில் தமிழிலக்கியம், கணிதம், வானியல் ஆகியவற்றை ஒரே மாணவன் கற்றான். மிசனரிமாரின் நோக்கம் மதமாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் விளைவு அந்நோக்கத்துக்குள் அடங்கவில்லை. அங்கு படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையே பின்னர் வீரசோழியத்தையும் (1881) கலித்தொகையையும் (1887) பதிப்பித்தார். 1847இல் வந்து சேர்ந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875) முதலிய நூல்கள் அம்முயற்சியில் பிறந்தவை. அவற்றின் கலைச்சொற்களிற் பல இன்று வழக்கிழந்துவிட்டன. ஆயினும் எலும்பையும் நரம்பையும் அறுவையையும் தமிழில் துல்லியமாக எழுதலாம் என்பதை அவை செய்தே காட்டின.

அது ஏன் தொடரவில்லை? 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் கற்பித்தது. உத்தியோகமும் ஆங்கிலத்தின் பக்கமே இருந்தது. 1873இல் கிறீன் நாடு திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. விஞ்ஞானம் ஆங்கிலத்துக்குப் போனது. தமிழுக்கு இலக்கியமும் சமயமும் எஞ்சின. விஞ்ஞானம் கற்ற விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ்நூலில், நரம்புகளின் சுருதியைக் கணிதத்தால் அளந்து பண்டை இசையை மீட்க முயன்றார். ஆனால் அது பலர் நடந்த பாதையாகவில்லை.

1964இல் தனிநாயகம் அடிகளாரின் முன்முயற்சியால் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானது. தமிழுக்கு ஓர் உலக அரங்கைத் தந்த பெரும்பணி அது. 1974இல் அதன் நான்காவது மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்ததையும், இறுதிநாளில் நேர்ந்த மரணங்களையும் எம் தலைமுறை மறக்காது. ஆனால் அம்மன்றத்தின் எல்லை அதன் பெயரிலேயே இருந்தது. தமிழ் அங்கு ஆராயப்படும் பொருள். பிற துறைகளை ஆராய்வதற்குரிய மொழியாகவும் தமிழை வளர்க்கும் முயற்சிகளுக்கு அந்த வீச்சும் கவனமும் கிடைக்கவில்லை.

நான் வசிக்கும் மொன்றியல் நகரத்தில், வட்டுக்கோட்டைச் செமினறி தோன்றிச் சரியாக நூறு ஆண்டுகளின் பின், பிரெஞ்சுமொழியினர் இதே சிக்கலை வேறுவிதமாக அணுகினர். வணிகமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தின் கையில் இருந்த காலம். 1923இல் அங்கிருந்த சிறு சிறு அறிவியற் சங்கங்கள் ஒன்றுகூடி 'அக்பாஸ்' என்ற அமைப்பை உருவாக்கின. கதிரியக்க மருத்துவரான லெயோ பரிசோ தலைவர். தாவரவியலாளரான மரி-விக்டோறன் என்ற துறவி செயலாளர். 1933இல் அதன் முதல் மாநாடு நடந்தது. கியூபெக்கின் தாவரங்களைப் பிரெஞ்சில் விவரிக்கும் பெருநூலை மரி-விக்டோறன் 1935இல் வெளியிட்டார். இன்றும் ஆண்டுதோறும் மண்ணியலாளரும் மொழியியலாளரும் பொருளியலாளரும் ஒரே மாநாட்டில் பிரெஞ்சில் பேசுகின்றனர். அவர்களிற் பலர், குறிப்பாக இயற்கை விஞ்ஞானிகள், கட்டுரைகளை ஆங்கிலத்தில் வெளியிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் தம் மக்களுக்கு விளக்கும் கடமையை அவர்கள் கைவிடவில்லை. அரசும் பல்கலைக்கழகங்களும் அவர்களுக்கு இருந்தன, எமக்கு இல்லை என்று சொல்லலாம். நியாயமான மறுப்பே. எனினும் தொடங்கிய வேளையில் அவர்களிடமும் சில சங்கங்களும் சில மனிதர்களுமே இருந்தார்கள்.

எம்மிடம் மனிதர்கள் இருக்கிறார்கள். இங்கே வில்லரேயில், ஜான்-தலோன் வீதிக்கும் ஜாரி வீதிக்கும் இடைப்பட்ட தெருக்களில், பிரயோககணிதம் கற்பித்த ஒருவரையும் கடற்றொழில் பற்றி ஆய்வு செய்த ஒருவரையும் எனக்குத் தெரியும். சபனெல் வீதித் தையல் தொழிற்சாலைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் உழைத்து ஓய்ந்தவர்கள். ஊரில் உயர்தரம் வரை பௌதிகத்தையும் இரசாயனத்தையும் தமிழிலேயே படித்த தலைமுறை எங்களுடையது. கூட்டங்களுக்கு வரும்போது இவர்களும் கவிதையைப் பற்றியே பேசுகிறார்கள். கடலைப் பற்றி யாரும் இவர்களிடம் கேட்டதில்லை. பிள்ளைகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஆய்வு செய்கின்றனர். அந்த ஆய்வேட்டின் தலைப்பைக்கூடத் தமிழில் சொல்லப் பெற்றோருக்கு இயலுவதில்லை.

இதை வெறும் மொழிப்பற்றாகக் கொள்ளவேண்டாம். எமது அண்மைக்கால வரலாற்றை விசாரிக்க முனைந்த 'முறிந்த பனை'யை எழுதியவர்கள் யார்? ராஜன் ஹூலும் சிறீதரனும் கணிதத்துறையினர். தயா சோமசுந்தரம் உளமருத்துவர். ரஜனி திராணகம உடற்கூற்றியல் ஆசிரியர். நால்வரும் வரலாற்றுத்துறை சார்ந்தவர்கள் அல்லர். அந்நூலின் முடிவுகளை ஏற்காதோர் உண்டு, அவ்விவாதம் தொடரட்டும். சாட்சியத்தை இன்னொரு சாட்சியத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, காயத்தைக் காயமாகவே பதிவது, அச்சத்தை நோயாக அறிவது ஆகிய பழக்கங்களை அவர்கள் தத்தம் துறைகளிலிருந்து கொண்டுவந்தார்கள் என்பதே இங்கு முக்கியம். 1989 செப்டெம்பர் 21இல் ரஜனி சுட்டுக்கொல்லப்பட்டார். நூல் 1990இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் கிடைக்க மேலும் சில ஆண்டுகள் சென்றன. யாரைப் பற்றிய நூலோ அவர்களுட் பலரே அதற்குக் காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே காலாண்டிதழ் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். இலக்கியமும் அரசியலும் அல்லாத ஒரு துறையில் உழைத்த எம்மவர் ஒருவரின் கட்டுரைக்கு ஒவ்வோர் இதழிலும் இடம் ஒதுக்குங்கள். தாம் எதை ஆராய்ந்தார், எப்படி ஆராய்ந்தார், எங்கே தடைப்பட்டார் என்பதை அவர் தமது சொற்களில் எழுதட்டும். கலைச்சொல் கிடைக்காத இடத்தில் விளக்கி எழுதட்டும். உயர்தரத்தில் தமிழில் விஞ்ஞானம் படித்து இங்கு வந்தவர்களின் நினைவில் அந்தச் சொற்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.