செங்கல்பட்டுப் பி.சி.ஜி. ஆய்வும் மண்வாழ் மைக்கோபாக்டீரியங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசிக் கள ஆய்வு, வயது வந்தோரின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அத்தடுப்பூசி பயன்படவில்லை என்னும் முடிவைத் தந்தது. அம்முடிவுக்குப் பின்னர் முன்வைக்கப்பட்ட விளக்கங்களுள், மண்ணிலும் நீரிலும் வாழும் மைக்கோபாக்டீரியங்களைக் காரணமாகக் காட்டும் விளக்கம் எவ்வாறு முதன்மை பெற்றது என்பதையும், அதன் சான்றுவலிமை எவ்வளவு என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பி.சி.ஜி., காசநோய், சூழல் மைக்கோபாக்டீரியம், செங்கல்பட்டு, மருத்துவ வரலாறு

முன்னுரை

உலகத் தடுப்பூசியியல் நூல்களில் தமிழகத்து ஊர்ப்பெயர் ஒன்று திரும்பத் திரும்ப வருமாயின் அது ‘சிங்கில்புட்’ என்பதாகும். அப்பெயரைப் படிக்கும் இன்றைய வாசகர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கல்பட்டு என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய நிலப்பரப்பையே மனத்தில் கொள்வார். அது பொருந்தாது. ஆய்வு நிகழ்ந்த 209 சிற்றூர்களும் ஒன்பது நகரப் பகுதிகளும் சென்னைக்கு மேற்கே அமைந்தவை; பெரும்பாலும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1997-இல் பழைய மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. செங்கல்பட்டு என்னும் பெயரில் மாவட்டம் மீண்டும் உருவானது 2019-இல்தான். நிருவாக எல்லை மாறியபோதும் அறிவியல் இலக்கியத்தில் பெயர் மாறவில்லை. ஒரு மண்ணின் நுண்ணுயிர்களைப் பற்றிய வாதத்தில் அது எந்த மண் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நலம்.

ஆய்வுக்கு முன்னைய சென்னை

பி.சி.ஜி. சென்னைக்குப் புதியதன்று. கிண்டியில் தடுப்பூசி ஆய்வகம் 1948-இல் நிறுவப்பட்டது. 1950-களில் நாடு தழுவிய தடுப்பூசி இயக்கம் நடந்தபோது அதற்கெதிரான வலுவான குரலும் சென்னையிலிருந்தே எழுந்தது. முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய மறு ஆண்டில், 1955-இல், இராஜாஜி இத்தடுப்பூசியை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். உயிருள்ள நுண்ணுயிரை நலமுள்ள உடலில் செலுத்துவது தகுமா, அதன் பயன் மெய்ப்பிக்கப்பட்டதா என்பன அன்று எழுந்த வினாக்கள். முதல் வினாவை அறிவியலாளர் எளிதில் தள்ளிவிட்டனர். இரண்டாம் வினாவை அவ்வாறு தள்ள இயலவில்லை. பிரிட்டனில் 1950-இல் தொடங்கிய ஆய்வு, வளரிளம் பருவத்தினரிடம் நான்கில் மூன்று பங்கினும் சற்றே மிகுந்த பாதுகாப்பைக் காட்டியது. அமெரிக்காவின் தென்பகுதி ஆய்வுகளிலோ பயன் மிகக் குறைவாகவே இருந்தது. மதனப்பள்ளியில் அதே 1950-இல் தொடங்கிய ஆய்வின் முடிவும் ஐயத்தைத் தீர்க்கவில்லை. செங்கல்பட்டு ஆய்வு இந்த முரணைத் தீர்க்கவே வடிவமைக்கப்பட்டது.

ஆய்வின் அமைப்பும் முடிவும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக நலவாழ்வு நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் 1968 முதல் 1971 வரை ஆய்வுக்குரியோர் சேர்க்கப்பட்டனர். பதிவு செய்யப்பட்டோர் 3,66,625 பேர். தடுப்பூசியோ மருந்தற்ற ஊசியோ பெற்றவர் 2,81,161 பேர். டேனிஷ், பாரிஸ் என்னும் இரு தடுப்பூசி வகைகள் இருவேறு அளவுகளில் பயன்படுத்தப்பட்டன. யாருக்கு எது இடப்பட்டது என்பதை இட்டவரும் அறியார், பெற்றவரும் அறியார். தடுப்பூசி ஆய்வுகளுள் இவ்வளவு பெரியதும் இவ்வளவு கவனமானதும் அரிது.

ஏழரை ஆண்டுத் தொடர்கவனிப்பின் முதல் அறிக்கை 1979-இல் வெளிவந்தது. இரு குழுக்களிலும் காசநோய் ஏறத்தாழ ஒரே அளவில் தோன்றியிருந்தது. 1999-இல் வெளியான பதினைந்து ஆண்டு அறிக்கையும் அம்முடிவை மாற்றவில்லை. தொடக்கத்தில் தோல் பரிசோதனையில் எதிர்வினை காட்டாத, மார்பு ஊடுகதிர்ப் படத்தில் குறையில்லாத 1,09,873 பேரிடம் பதினைந்து ஆண்டுகளில் 560 பேருக்கு நோய் கண்டது. வயது வந்தோருக்குப் பாதுகாப்பு இல்லை. சிறுவர்க்கு 27 விழுக்காடு. இந்த 27 என்னும் எண்ணை மேற்கோள் காட்டுவோர், அதன் 95 விழுக்காட்டு நம்பக எல்லை -8 முதல் 50 வரை விரிவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். சுழியை உள்ளடக்கிய எல்லை அது.

தடுப்பூசி கைவிடப்படவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோய், உடல் முழுதும் பரவும் காசநோய் ஆகியவற்றை இவ்வாய்வு அளக்கவில்லை என்பதால், பச்சிளங்குழந்தைகளுக்கு இடுவதைத் தொடருமாறு வல்லுநர் குழுக்கள் பரிந்துரைத்தன. அது நியாயமான முடிவே. ஆனால் ‘ஏன் பயனளிக்கவில்லை’ என்னும் வினா நின்றது.

மூன்று விளக்கங்கள்

தடுப்பூசியைக் குறை கூறுவது முதல் விளக்கம். பி.சி.ஜி. என்பதே வளர்சூழல் ஒரு நுண்ணுயிரை மாற்றியதன் வரலாறு. கால்மெட், கெரான் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரும் கிளிசரினும் ஊறிய உருளைக்கிழங்கின் மேல் 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மறுவளர்ப்புச் செய்தனர். நோயுண்டாக்கும் ஆற்றல் அந்த ஊடகத்தில் தேவையற்றதாகி உதிர்ந்தது. பின்னர் நாடுதோறும் ஆய்வகங்கள் தம்தம் முறையில் வளர்த்தமையால் ஒரே வித்து பல கிளைகளாகப் பிரிந்தது. கிளைதோறும் ஆற்றல் வேறுபடலாம் என்பதில் ஐயமில்லை. எனினும் செங்கல்பட்டில் இரு கிளைகளுமே பயனளிக்காமையால் இவ்விளக்கம் மட்டும் போதாது.

இரண்டாவது, நோய்க்கிருமியைச் சார்ந்தது. தென்னிந்திய நோயாளிகளிடம் பெற்ற காசநோய்க் கிருமிகள் பல, கினிப்பன்றிகளிடம் வீரியம் குறைந்தவையாக இருந்தன என்று சென்னை ஆய்வுகளை ஒட்டி மிச்சிசனும் உடன் பணியாற்றியோரும் 1960-இல் காட்டியிருந்தனர்.

மூன்றாவது விளக்கமே மண்ணை நோக்கித் திரும்பியது. ஆய்வின் தொடக்கத்திலேயே பறவைக் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சார்ந்த புரதத்தால் செய்த தோல் பரிசோதனையில், வளர்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் எதிர்வினை காட்டினர். காசநோய் உண்டாக்காத மைக்கோபாக்டீரியங்களை அவர்கள் உடல் முன்பே அறிந்திருந்தது என்பதே இதன் பொருள். அத்தகைய முன்னறிமுகம் பி.சி.ஜி.யின் கூடுதல் பயனை மறைக்கக்கூடும் என்று பாமர், லாங் இருவரும் 1966-இலேயே கினிப்பன்றிச் சோதனைகளால் சுட்டியிருந்தனர்.

நீரிலும் மண்ணிலும் இக்கிருமிகள்

இவ்வகை நுண்ணுயிர்கள் வாழும் முறையை அறிந்தாலன்றி இவ்வாதத்தின் பலம் விளங்காது. ஈ. கோலை தக்க ஊடகத்தில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ இருபது மணிநேரம் வேண்டும். தொழுநோய்க் கிருமிக்குப் பன்னிரண்டு நாள்களுக்கும் மேல். இந்த மந்தத்திற்கு ஒரு காரணம் அவற்றின் கொழுப்புச் செறிந்த சுவர். ஊட்டம் உள்ளே புகுவதை அது தாமதப்படுத்துகிறது. ஆயினும் அதே சுவர் உலர்வையும் குளோரினையும் தாங்கச் செய்கிறது. நீரை வெறுப்பதால் பரப்புகளில் ஒட்டி உயிர்ப்படலமாகத் திரளச் செய்கிறது. அமிலத் தன்மையும் குறைந்த உயிர்வளியும் உள்ள நீரிலும் ஏவியம் குழுவினம் வாழ்கிறது. ஏரிகள் மாவட்டம் என்று பெயர்பெற்ற நிலத்தில், ஏரிநீரும் வயற்சேறும் வீட்டுப் புழுதியும் அன்றாடம் உடலைத் தொடும் வாழ்க்கையில், முன்னறிமுகம் பரவலாக இருந்ததில் வியப்பில்லை.

இக்கருத்தை நேரடியாகச் சோதிக்கச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் களத்திற்குத் திரும்பினர். பரமசிவனும் உடன் பணியாற்றியோரும் 1985-இல், ஆய்வுப் பகுதி மக்களின் சளி மாதிரிகளில் ஏவியம்–இன்ட்ராசெல்லுலேரே குழுவே முதன்மையாகக் காணப்பட்டதை வெளியிட்டனர். கமலா முதலியோர் 1994-இல் அப்பகுதியின் மண், நீர், புழுதி ஆகியவற்றிலிருந்தும் மைக்கோபாக்டீரியங்களைப் பிரித்துக் காட்டினர். தோல் பரிசோதனை மறைமுகமாகச் சொன்னதை நுண்ணுயிரியல் நேராக உறுதிசெய்தது.

இங்கு முறையியல் சார்ந்த ஒரு குறிப்பு தேவை. மண்மாதிரியில் மந்தமாக வளரும் இக்கிருமிகளை விரைந்து வளரும் பிற பாக்டீரியங்கள் மூடிவிடும். ஆதலின் காரம் முதலியவற்றால் மற்றவற்றை முதலில் கொல்ல வேண்டும். அந்தச் சிகிச்சையில் மைக்கோபாக்டீரியங்களிலும் ஒரு பகுதி மடியும், இனத்திற்கு இனம் வேறு விகிதத்தில். ஆகவே தட்டில் முளைப்பது மண்ணின் முழுப் படமன்று. காரத்தைத் தாங்கியவற்றின் பட்டியலே. கல்வெட்டில் எஞ்சியதை வைத்துச் சமூகத்தை எழுதுவோருக்கு இச்சிக்கல் புதியதாகாது.

இருத்தலும் காரணமாதலும்

இக்கிருமிகள் அங்கிருந்தன என்பது ஐயமற நிறுவப்பட்டது. அவையே தடுப்பூசியைப் பயனற்றதாக்கின என்பது அதனால் நிறுவப்பட்டதாகாது. விளக்கத்திற்குள்ளேயே இரு வடிவங்கள் உண்டு. மறைப்புக் கொள்கையின்படி, சூழல் கிருமிகள் தாமே ஓரளவு பாதுகாப்பைத் தந்துவிடுவதால் பி.சி.ஜி. கூட்டுவது சிறிதாகத் தெரிகிறது. தடுப்புக் கொள்கையின்படி, முன்பே விழிப்புற்ற உடல் பி.சி.ஜி.யைப் பெருகவிடாமல் அழித்துவிடுகிறது. பின்னதற்கு ஆதரவாக, மலாவியின் கரோங்கா பகுதிக் கிருமிகளைக் கொண்டு பிராண்ட் முதலியோர் 2002-இல் செய்த எலிச் சோதனைகள் உள்ளன. ஆனால் எல்லா இனங்களும் அவ்வாறு தடுக்கவில்லை, சில மட்டுமே தடுத்தன. எனவே ‘சூழல் மைக்கோபாக்டீரியம்’ என்று ஒற்றைச் சொல்லால் குறிப்பதே பிழைக்கு வழிவகுக்கும்.

இவ்விளக்கம் விரைந்து செல்வாக்குப் பெற்றதற்கு மற்றொரு காரணமும் உண்டு என்பது இவ்வாய்வாளரின் கருத்து. அது தடுப்பூசியைக் காப்பாற்றியது. ஆய்வின் தரத்தையும் காப்பாற்றியது. பழியை நிலத்தின்மேல் வைத்தது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகும்தோறும் பி.சி.ஜி.யின் பயன் கூடுவதாக 1990-களில் தொகுப்பாய்வுகள் காட்டியபோது, இலண்டனில் வென்றதும் செங்கல்பட்டில் தோற்றதும் ஒரே வரைபடத்தில் அமைதியாகப் பொருந்தின. பொருத்தம் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அகலாங்கோடு ஒரு நுண்ணுயிரன்று. வெப்பம், ஈரம், உணவுப் பற்றாக்குறை, குடற்புழுக்கள், மக்கள் நெருக்கம் எனப் பலவும் அதே கோட்டில் உடன் மாறுகின்றன. வறுமையை மண்ணின் இயல்பாக எழுதிவிடும் ஆபத்து இதில் உள்ளது. வெப்பமண்டல மருத்துவத்தின் வரலாற்றில் அது பலமுறை நேர்ந்தது.

இன்னொன்று. கழகத்தின் மனித ஆய்வு நெறிமுறை அறிக்கை வெளியானது 1980-இல்; அதற்குள் சேர்க்கையும் ஊசியிடலும் முடிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டேமுக்கால் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கைநீட்டிய ஆய்வின் அறிக்கைகளில் அவர்கள் வயதாக, பாலாக, தோல்தடிப்பின் மில்லிமீட்டராக மட்டுமே இடம்பெறுகின்றனர்.

வயது வந்தோருக்குப் பி.சி.ஜி. இடுவதை இந்தியாவின் பல மாநிலங்களில் ஆய்வு நோக்கில் 2024-இல் மீண்டும் தொடங்கியபோது, செங்கல்பட்டு என்னும் பெயர் மறுபடி விவாதத்திற்கு வந்தது. அவ்விவாதத்தில் 1994-இன் மண்ணாய்வை இன்றைக்கு அப்படியே பொருத்த இயலாது. சென்னையைச் சூழ்ந்த புறநகர் வளையத்தில் வயல்கள் பெருமளவு மனைகளாகிவிட்டன. 2021-இல் நகராட்சியான நந்திவரம்–கூடுவாஞ்சேரி அதற்கு அருகிலுள்ள சான்று. சேற்றில் நடந்த கால்கள் குறைந்தன. குளோரின் கலந்த குழாய்நீர் வந்தது. குழாயின் உட்சுவரில் உயிர்ப்படலமாய்ப் படிந்து அந்தக் குளோரினைத் தாங்கிப் பெருகுவதும் ஏவியம் குழுவினமே.