வினைல் ஒட்டுப்பட அச்சுப்பொறி

வினைல் ஒட்டுப்பட அச்சுப்பொறி என்பது, பின்புறம் பசை பூசப்பட்ட வினைல் படலத்தின் மீது நுண்துளைகள் வழியே மையைப் பீச்சி எழுத்துக்களையும் படங்களையும் அச்சிடும் கருவி ஆகும். இவ்வொட்டுப்படங்கள் பேச்சு வழக்கில் ஸ்டிக்கர் எனப்படுகின்றன. சிறு கடைக்கு ஏற்ற பொறியைத் தேர்வதில், அதன் விலையைக் காட்டிலும் மையின் வகையும் நாள்தோறும் வரும் வேலையின் அளவுமே முதன்மையானவை.

கொங்கு நாட்டில் பயன்பாடு

கோயம்புத்தூரில் பம்பு, கிரைண்டர் ஆகியவற்றின் உற்பத்தியும், கரூரில் பேருந்துக் கூண்டு கட்டும் தொழிலும், நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலும் நடைபெறுகின்றன. இவை யாவற்றிற்கும் ஒட்டுப்படங்கள் தேவைப்படுகின்றன.

ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒட்டுப்படங்கள் "ரேடியம் ஸ்டிக்கர்" என அழைக்கப்படுகின்றன. எனினும் இவற்றில் ரேடியம் என்னும் தனிமம் இல்லை. நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ விளக்கொளியை வந்த திசையிலேயே திருப்புகின்றன.

வாகன எண் எழுதுதல் முன்னர் இக்கடைகளின் வழக்கமான வேலைகளுள் ஒன்றாக இருந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் வாகனங்களுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயமாக்கப்பட்டதால் அவ்வேலை குறைந்தது. 

வெட்டுப்பொறியும் அச்சுப்பொறியும்

வெட்டுப்பொறி, நிறமூட்டப்பட்ட படலத்தைக் கத்திமுனையால் எழுத்து வடிவில் வெட்டுகின்றது. ஒரே நிற எழுத்துக்களுக்கு இதுவே போதுமானது; மை தேவையில்லை. பல வண்ணப் படங்களுக்கு அச்சுப்பொறி வேண்டும். அச்சிட்டபின் குறியீட்டுப் புள்ளிகளை உணர்ந்து ஓரம் வெட்டப்படும்.

அச்சையும் வெட்டையும் ஒருசேரச் செய்யும் பொறிகளும் உள்ளன. 20 அங்குல அகலமுடைய ரோலண்டு பிஎன்-20 இதற்கு எடுத்துக்காட்டு. இவை இடத்தை மிச்சப்படுத்தும். ஆயினும் ஒரு வேலை நடக்கும்போது மற்றொன்றைச் செய்ய இயலாது.

மை வகைகள்

* சாய மை: அலுவலக அச்சுப்பொறிகள் பலவற்றில் உள்ளது. விலை குறைவு. வெயிலில் வெளுக்கும், நீரில் கரையும். வெளிப்புறப் பயன்பாட்டிற்கு ஏற்றதன்று.
* எக்கோ சால்வென்ட் மை: வினைலின் மேற்பரப்பைச் சற்றே கரைத்துப் பற்றிக்கொள்ளும். அச்சிட்டபின் ஏறத்தாழ 24 மணி நேரம் ஆவி வெளியேற விட்டு, அதன்பின் லேமினேசன் செய்தல் வேண்டும்.
* லேட்டக்சு மை: எச்பி நிறுவனம் 2008 இல் அறிமுகப்படுத்தியது. நீர் அடிப்படையிலானது. வெப்பத்தால் உலர்த்தப்படுவதால் உடனே லேமினேசன் செய்யலாம், மின்செலவு கூடுதல்.
* புற ஊதா மை: புற ஊதா ஒளியால் உடனடியாக இறுகும். தகடு, கண்ணாடி போன்றவற்றின் மீதும் அச்சிட உதவும்.

தேர்வு செய்யும் முறை

50 செ.மீ. அச்சு அகலமுடைய பொறியில், 5 செ.மீ. சதுர ஒட்டுப்படங்களை அரை செ.மீ. இடைவெளியுடன் அடுக்கினால் ஒரு வரிசைக்கு 9 அமையும். 1000 படங்களுக்கு ஏறத்தாழ 6.2 மீட்டர் படலமே செலவாகும். கிழிசல், சோதனை அச்சு ஆகியவற்றிற்குச் சிறிது கூட்டிக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை மட்டும் இத்தகைய வேலை வருமாயின், பொறி பெரும்பாலான நேரம் சும்மா நிற்கும்.

நிற்கும் பொறியே பெருஞ்செலவு வைக்கும். மை உலர்ந்து அச்சுத்தலையின் துளைகள் அடைபடும். அச்சுத்தலை விலை மிகுந்த உதிரிப்பாகம் ஆகும். துளைகளைத் திறந்து வைக்கும் துப்புரவிற்கும் மை செலவாகும். வெள்ளை மையின் நிறமி விரைவில் அடியில் படிவதால் அதற்குக் கூடுதல் கவனிப்புத் தேவை. அச்சின் நடுவே மின்தடை ஏற்பட்டால் அச்சுத்தலை மூடியின்றி நின்றுவிடும் என்பதால் யுபிஎஸ் இன்றியமையாதது.

எனவே புதிதாகத் தொடங்குவோர் வெட்டுப்பொறியை மட்டும் வாங்கி, அச்சு வேலையைப் பெரிய கடைகளில் "ஜாப் ஒர்க்" முறையில் செய்து பெறுதல் பாதுகாப்பானது. நாள்தோறும் அச்சு வேலை வரும் நிலையை எட்டியபின் சொந்தப் பொறி வாங்கலாம்.

படலமும் ஒட்டும் இடமும்

காலண்டர் முறையில் உருவான படலம் விலை குறைந்தது, நாளடைவில் சுருங்கும். காசுட்டு படலம் வளைந்த பரப்புகளில் நன்கு படியும். அடிக்கடி நீர் படும் கிரைண்டரில் ஒட்டுவதற்கு லேமினேசனும் வட்டமான மூலைகளும் வேண்டும். கூரிய மூலைகள் எளிதில் உரியும்.

சரக்கு வாகனங்களில் விதிப்படி ஒட்ட வேண்டிய ஒளித்திருப்பு நாடா தரச்சான்று பெற்றதாக இருத்தல் வேண்டும். கடையில் வெட்டப்படும் அலங்கார ரேடியம் ஸ்டிக்கர் அதற்கு ஈடாகாது.